நாய்க் காப்பகம் தொடங்குகிறீர்களா? முதலில் சுவரில் ஓர் எண்ணை எழுதுங்கள்

விடியற்காலை ஐந்தரைக்கு கேட்டைத் திறந்தால் ஓர் உரச்சாக்கு கிடந்தது. வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள், இரண்டின் மேல் எறும்பு. போர்டு மாட்டி அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சாலையோரம் சாக்கு கிடந்தால் அது அசைகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

திருச்சிப் பக்கம் நண்பர்களோடு சேர்ந்து ஒன்பது வருஷமாகக் காப்பகம் நடத்துகிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்து "எங்க ஊர்லயும் ஒண்ணு தொடங்கணும், எப்படி?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை: எண்

நிலம் பார்ப்பதற்கு முன், பெயர் வைப்பதற்கு முன், எத்தனை நாய் வரை வைத்துக்கொள்வீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதைப் பெயின்டில் சுவரில் எழுதுங்கள். எங்கள் சுவரில் 45 என்று இருக்கிறது. முதல் வருஷம் அப்படி எதுவும் எழுதவில்லை. 25 நாய்க்குக் கட்டிய இடத்தில் பதினான்கு மாதத்தில் 71 நாய்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்த ஐப்பசி மழையில் நாய்களைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து, பதினோரு நாளில் பத்தொன்பது குட்டிகளைப் புதைத்தோம். நெரிசல்தான் காரணம் என்று டாக்டர் நேராகவே சொன்னார்.

எண்ணை நிலத்தின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கையை வைத்துப் போடுங்கள். ஓர் ஆள் காலையில் கூண்டு கழுவி, மருந்து கொடுத்து, சோறு வைத்து, ஒவ்வொரு நாயையும் ஒருமுறை தடவிப் பார்த்து முடிக்க எங்கள் அனுபவத்தில் இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து நாய்தான் முடியும். தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டால் நாற்பது கூட முடியும். ஆனால் அப்புறம் காதுக்குப் பின்னால் புண்ணில் புழு வைத்திருப்பது நான்காம் நாள்தான் தெரியும். சம்பளத்துக்கு இரண்டு ஆள் இருந்தால் 45. அதிலும் ஐந்து இடம் எப்போதும் காலியாக இருக்கட்டும், அடிபட்டு வருகிற நாய்க்கு.

யாரை உள்ளே எடுப்பது, யாரை எடுக்கக் கூடாது

தெருநாய் எல்லாவற்றுக்கும் காப்பகம் வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தொடங்குகிறார்கள். சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். நல்ல ஆரோக்கியத்தோடு, நாலு வீட்டில் சோறு வாங்கித் தின்றுகொண்டிருக்கும் நாயைக் கூண்டில் அடைத்தால் அதற்கு நாம் செய்வது உபகாரம் இல்லை. காலியான அந்தத் தெருவுக்குக் கருத்தடை ஆகாத வேறு நாய் வந்துசேரும்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் உள்ளாட்சி அதிகாரிகள் உங்களைத் தேடி வரலாம். வந்தால் சுவரைக் காட்டுங்கள். எத்தனை நாய், செலவு யாருடையது, டாக்டர் யார் என்று எழுத்தில் வாங்காமல் வண்டியை உள்ளே விடாதீர்கள்.

போன் வந்தால் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: போட்டோவும் லொகேஷனும் அனுப்புங்கள், நாய் எழுந்து நடக்கிறதா, காதில் வெட்டு இருக்கிறதா, நாங்கள் வரும் வரை பக்கத்தில் நிற்பீர்களா. கடைசிக் கேள்விக்கே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் நிறையப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். சொறிக்கு மருந்து, சின்னப் புண்ணுக்கு மருந்து, வாரம் ஒருமுறை போய்ப் போடும் ஊசி, இதற்கெல்லாம் நாயைத் தூக்கிவர வேண்டியதில்லை. காதில் வெட்டு என்பது கருத்தடை ஆன அடையாளம். "எவனோ பாவி கத்தியால காதை வெட்டிட்டான்" என்று அழுதபடி போன் செய்த அம்மா ஒருவர், விவரம் சொன்னதும், "அப்படியா, அப்ப எங்க தெருவுல நாலுக்கு ஆயிருக்கு" என்று எண்ண ஆரம்பித்தார். இன்றைக்கு அந்தத் தெருவைப் பார்த்துக்கொள்வதே அவர்தான்.

தாயோடு இருக்கும் குட்டிகளைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதுதான் வேலை.

மற்றபடி, மறுப்பதற்குப் பழகிக்கொள்ளுங்கள். "தம்பி, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் வச்சுக்கோங்க, நாளைக்குக் காலைல வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி விட்டுப்போன லாப்ரடார் எங்களிடம் ஆறு வருஷம் இருந்து, போன மாசிதான் செத்துப்போனது.

இடம்

குடியிருப்பை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோ வரக்கூடிய தூரமாகவும் இருக்க வேண்டும். குரைப்புச் சத்தம் குறித்துப் பக்கத்து நிலத்துக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பஞ்சாயத்திலும் தகவல் சொல்லி, தேவையான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாடகை நிலம் என்றால் ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு இருக்கட்டும். நாற்பது நாயோடு வீடு மாறுவது என்பது எதிரிக்கும் வரக் கூடாத அவஸ்தை.

தண்ணீர்தான் முதல் சோதனை. குடிக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், கழுவும் தண்ணீர்தான் மலை. 45 நாய்க்கு எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டர் போகிறது. நிலத்தைச் சித்திரையில் போய்ப் பாருங்கள். கார்த்திகையில் போனால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

தரை சொரசொரப்பான சிமென்ட், வாய்க்காலை நோக்கிச் சரிவு. டைல்ஸ் பார்க்க அழகு, வயதான நாய் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும். தகரக் கூரை போட்டால் அதன் மேல் தென்னங்கீற்றும் போடுங்கள், இல்லையென்றால் அக்னி நட்சத்திரத்தில் உள்ளே அடுப்புதான். வேலியின் அடி இரண்டடி ஆழம் மண்ணுக்குள் இறங்க வேண்டும், தோண்டுகிற நாய் ஒன்றாவது எப்போதும் இருக்கும். கேட் இரட்டைக் கேட்டாக இருக்கட்டும்: முதல் கதவைச் சாத்தின பிறகுதான் இரண்டாவதைத் திறப்பது. தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒற்றைக் கேட் வழியாக ஓடிய மூன்று நாய்களில் ஒன்று கிடைக்கவே இல்லை.

புதிய நாய் வந்தால்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காப்பகங்களைக் கவிழ்ப்பது பண நெருக்கடியை விட நோய்தான்.

எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் புதிய நாய் பதினான்கு நாள் தனியறையில் இருக்க வேண்டும். தனியறை என்றால் பக்கத்துக் கூண்டு அல்ல. தண்ணீர் வழிந்து வராத தூரத்தில் தனிக் கட்டடம், அதற்கென்று தனித் துடைப்பம், தனி வாளி, தனித் தட்டு, வாசலில் தனிச் செருப்பு. ஆரோக்கியமான நாய்களைப் பார்த்து முடித்த பிறகுதான் அங்கே போக வேண்டும். அங்கே போய்விட்டு வந்து குட்டிகளைத் தூக்கக் கூடாது. அந்த பத்தொன்பது குட்டிகளுக்குக் கிருமியைக் கொண்டுபோனது நாய் இல்லை, என் ரப்பர் செருப்பாகத்தான் இருக்க வேண்டும்.

பார்வோ வாந்தியில் ஆரம்பித்து ரத்தபேதியில் வந்து நிற்கும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கிருமி மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பினாயில் மணத்தால் சுத்தம் ஆனதாகத் தோன்றும். ஆனால் பார்வோவுக்குப் பினாயிலை நம்ப முடியாது. முதலில் மலத்தையும் அழுக்கையும் சோப்பு போட்டு முழுக்கத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வாங்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் காசுதான் வீண்.

குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை. ஒரு ஊசி போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் எடை பார்த்து டாக்டர் சொல்லும் அளவில்தான். மனிதர்கள் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதி மருந்து அலமாரியிலேயே ஒட்டிவையுங்கள். நல்ல எண்ணத்தோடு கொடுத்துச் சாகடித்தவர்கள் உண்டு.

கண் திறக்காத குட்டி வந்தால் எல்லோரும் முதலில் பாலைத் தேடுவார்கள். தப்பு. முதலில் சூடு. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு கதகதப்பானதும்தான் பால். சில்லிட்ட குட்டிக்கு வயிறு ஜீரணிக்காது. பசும்பால் பேதியைக் கிளப்பும், நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர் வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும். கவிழ்த்துப் படுக்கவைத்துப் புகட்டுங்கள், மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். புகட்டிய பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால்தான் மூத்திரம் போகும், தாய் நக்கிச் செய்யும் வேலை அது. முதல் சாக்கில் வந்த ஆறில் இரண்டைத்தான் எங்களால் காப்பாற்ற முடிந்தது.

நல்ல டாக்டர் ஒருவர் அமைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அவருக்கு மாதாமாதம் பாக்கியில்லாமல் பணம் கொடுங்கள். "சேவைதானே சார்" என்று இழுத்தடித்தால் மூன்றாவது மாதம் போனை எடுக்க மாட்டார். பெரிய ஆபரேஷனுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சென்னை வேப்பேரி ஆகிய ஊர்களில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களுக்கும் ஊசி

நாயைத் தொடுகிற ஒவ்வொருவரும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்: முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள். போடாதவர்கள் தட்டு கழுவலாம், கணக்கு எழுதலாம், நாயைத் தொட வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முன்பே போட்டவர்களுக்கும் மறுபடி இரண்டு ஊசி உண்டு, அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் எலி மூத்திரம் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடாமல் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள்.

சோறு

இதில் பெரிய ரகசியம் இல்லை. நாய்க்குச் சராசரியாக 150 கிராம் அரிசி, 100 கிராம் கோழி. 45 நாய்க்கு நாளொன்றுக்கு ஏழு கிலோ அரிசி, மாதம் எட்டு ஒன்பது சிப்பம் (25 கிலோ மூட்டை). கறிக்கடையில் தலை, கால், கழுத்து மலிவாகக் கிடைக்கும். வேகவைத்தபின் எலும்பை எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும். வெங்காயம் போடாதீர்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சாப்பாடு வேண்டவே வேண்டாம், அதில் மசாலா, வெங்காயம், எண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். கொடுக்க வருகிறவர் மனம் கோணாமல் "அதுக்குப் பதிலா ஒரு சிப்பம் அரிசி கொடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் கொடுப்பார்கள்.

காகிதம், காசு

டிரஸ்ட் பதிவு செய்வது எளிது. சங்கமாகப் பதிவு செய்தால் தமிழ்நாட்டில் 1975-ம் வருஷச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். வங்கிக் கணக்கில் எப்போதும் இரண்டு கையெழுத்து. டிரஸ்டின் வருமானத்துக்கும் நன்கொடை தருபவருக்கும் வரிச்சலுகை தரும் பதிவுகளை (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்) முதல் வருஷமே வாங்கிவிடுங்கள், வரிவிலக்கு ரசீது கேட்காத நன்கொடையாளர் குறைவு. வருஷாவருஷம் மே 31-க்குள் நன்கொடைப் பட்டியலை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும், இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மாமா இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தொல்லையில்லை. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்கான மத்திய அரசின் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் கூடத் தொடக் கூடாது.

அடிபட்ட நாயின் படம் போட்டால் பணம் குவியும். அந்தப் பணம் அந்த நாயோடு முடிந்துபோகும். எங்களைக் காப்பாற்றுவது மாதம் 200 ரூபாய் தருகிற நூற்றுச் சொச்சம் பேர். சம்பளம், கரன்ட் பில், அரிசி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. மூன்று மாதச் செலவு கையிருப்பு இல்லாமல் புதுக் கட்டடம் கட்டாதீர்கள்.

தன்னார்வலர்கள்

சுத்தம் செய்வதையும் சோறு வைப்பதையும் தன்னார்வலர்களை நம்பி விடாதீர்கள். அது சம்பள வேலை. பரீட்சை வரும், ஆபீசில் ரிலீஸ் வரும், கல்யாணம் வரும். நாய்க்குத் தினமும் வயிறு இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் குட்டியைக் கொஞ்ச ஆசை. முதல் நாள் நாங்கள் கொடுப்பது நாற்பத்தைந்து தட்டும் ஒரு தேங்காய் நாரும். இரண்டாவது ஞாயிறும் வருகிறவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்போம். மூன்றாவது மாதமும் வருகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு: ஒருவருக்குத் தடுப்பூசி நோட்டு, ஒருவருக்கு உண்ணி பார்ப்பது, ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை குளியல். "முடிஞ்சப்ப வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். "செவ்வாய் சாயங்காலம் அஞ்சு மணி உங்களுது" என்றால் வருவார்கள், வர முடியாவிட்டால் ஆள் மாற்றியாவது விடுவார்கள்.

எங்களுக்குக் கிடைத்ததிலேயே அருமையான தன்னார்வலர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு சார். நாய் என்றால் கொஞ்சம் பயம், கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டார். ஏழு வருஷமாகத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சண்டை வரும். அதிகம் உழைப்பவர்களுக்குள்தான் வரும். பெரும்பாலும் "இந்த நாயை ஏன் எடுக்கவில்லை" என்பதில் தொடங்கும். அப்போதும் சுவரில் இருக்கும் எண்தான் உதவி. மறுத்தது யாரோ ஒருவர் என்றில்லாமல், 45 ஆகிவிட்டது என்று போய்விடும்.

தத்து

ஒரு நாய் வெளியே போனால்தான் இன்னொன்று உள்ளே வர முடியும். அதனால் தத்து கொடுப்பதற்கென்றே ஓர் ஆளை வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் பேசுங்கள், "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பதை நம்பாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று பாட்டியிடம் கேளுங்கள். பகலில் நாயோடு இருக்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

பெண் குட்டியையும் கறுப்புக் குட்டியையும் யாரும் கேட்பதில்லை. பெண் குட்டி என்றால் கருத்தடைச் செலவு எங்களுடையது என்று சொன்ன பிறகு நிலைமை மாறியது. கறுப்புக் குட்டிகளை வெயிலில், சிவப்புத் துண்டு மேல் வைத்துப் போட்டோ எடுங்கள். கொடுத்த மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் போன் செய்யுங்கள். திருப்பித் தந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை திருப்பித் தருவதற்குப் பதில் பைபாஸில் இறக்கிவிடுவார்கள்.

மரணம்

வரும். குழி ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், கிணற்றுக்குப் பக்கம் வேண்டாம். தீராத வேதனையில் இருக்கும் நாயை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்கவைப்பதா என்பதை டாக்டர் பார்த்து எழுத்தில் சொல்லட்டும். அதை அன்றைக்கு மிகவும் அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்காதீர்கள். அந்த வாரம் அவருக்கு லீவு கொடுங்கள்.

நீங்கள் இல்லாத நாள்

மூன்றாவது வருஷம் எனக்கு டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எந்த நாய்க்கு என்ன மாத்திரை என்பது என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வலிப்பு வரும் ஒரு நாய்க்கு ஐந்து நாள் மருந்து விட்டுப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூண்டிலும் அட்டை தொங்குகிறது: பெயர், வந்த தேதி, எடுத்த இடம், ஊசி, மருந்து, கடிக்குமா கடிக்காதா. அதே விவரம் ஒரு நோட்டிலும் இருக்கிறது. சாவி மூன்று பேரிடம், டாக்டர் நம்பர் கேட்டில்.

அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஊருக்குப் போய்விடுவேன். முதல் தடவை ஒரு வாரத்தில் முப்பத்தோரு போன் வந்தது. அதில் ஒவ்வொன்றுக்கும் அட்டையிலோ நோட்டிலோ ஒரு வரி சேர்த்தேன். போன பொங்கலுக்கு ஒரே ஒரு போன்தான். மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.